மேலவளவு தீர்ப்பில் சாதி எங்கே போனது?

மேலவளவு பற்றிப் பேசும்போதெல்லாம் இளைய தோழர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. உச்ச நீதிமன்றம் வரை அது நின்றது. பிறகு ஏன் நீதி கிடைக்கவில்லை என்று சொல்கிறோம்?"

நியாயமான கேள்விதான். பதில் தீர்ப்பின் உள்ளேயே இருக்கிறது. அந்த 17 பேரும் கொலைக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். ஆறு தலித்துகளை, தலித்துகள் என்பதற்காகவே கொன்றார்கள் என்ற குற்றச்சாட்டிலிருந்து அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். அந்த விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வேண்டியது அரசு. அரசு செய்யவில்லை. அதற்கான நாட்கள் கடந்தன. அதன்பின் எந்த நீதிமன்றத்தின் முன்னும் அந்தக் கேள்வி இல்லை.

நாம் வழக்குகளில் தோற்பது பெரும்பாலும் வாதத்தில் என்று நினைக்கிறோம். வாதமே நடக்காமல் தோற்கும் வழக்குகள் நிறைய. சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நாளில் சொல்லாததால் தோற்றவை அவை. மேலவளவின் வரலாற்றை இந்தக் கோணத்தில் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

1997 ஜூன் 30

1996 உள்ளாட்சித் தேர்தலில் மேலூர் அருகே உள்ள மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்க சாதியினர் அதை ஏற்கவில்லை. வேட்பு மனு போட்டவர்கள் மிரட்டப்பட்டார்கள், தேர்தல் நின்றது. மறுபடி நடந்தபோது வாக்குச்சாவடியில் வன்முறை. கடைசியில் 1996 டிசம்பர் 31 அன்று பலத்த பாதுகாப்புடன் தேர்தல் நடந்து முருகேசன் தலைவரானார். தலைவரானாரே தவிர, ஊராட்சி அலுவலகத்தில் நிம்மதியாக உட்கார்ந்து வேலை பார்க்க முடியவில்லை.

1997 ஜூன் 30 அன்று மதுரை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் ஊர் திரும்பும் வழியில் முருகேசனும், துணைத் தலைவர் மூக்கனும், உடன் வந்த நான்கு பேரும் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். முருகேசனின் தலை துண்டிக்கப்பட்டது.

இடஒதுக்கீட்டுப் பதவியில் ஒரு தலித் உட்காரக் கூடாது என்பதைத் தவிர இந்தக் கொலைக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த காரணம் அது. ஆனால் ஊருக்குத் தெரிந்தது வேறு, நீதிமன்றத்தின் பதிவில் ஏறுவது வேறு.

சேலம், 2001

விசாரணை மதுரையில் நடக்கவில்லை, சேலம் அமர்வு நீதிமன்றத்தில் நடந்தது. மேலவளவிலிருந்து சேலம் போவது என்றால் என்ன என்று மதுரைக்காரர்களுக்குத் தெரியும். இன்றைக்கும் மேலூர் வந்து, மாட்டுத்தாவணியில் இறங்கி, நகரப் பேருந்தில் ஊரைக் கடந்து ஆரப்பாளையம் போய், அங்கே சேலம் வண்டி பிடிக்க வேண்டும். ஒரு வாய்தாவுக்கு இரண்டு நாள் கூலி போய்விடும். உயிரிழந்த குடும்பங்களும் சாட்சிகளும் விவசாயக் கூலிகள். ஊரின் மிரட்டலுக்கு அப்பால் விசாரணை நடந்தது நல்லதுதான். ஆனால் வழக்கு எங்கே நிற்கிறது என்று தினமும் விசாரித்துக்கொள்ளும் தூரத்தில் அது இல்லை.

2001 ஜூலையில் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 40 பேரில் 17 பேருக்கு ஆயுள் தண்டனை, 23 பேர் விடுதலை. வன்கொடுமை தடுப்புச் சட்டத்தின் கீழான குற்றச்சாட்டில் அந்த 17 பேருக்கும் விடுதலை.

அன்றைக்கு இருந்த சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1989ஆம் ஆண்டு வன்கொடுமை தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(2)(v), பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் "என்ற காரணத்தினால்" குற்றம் நடந்திருக்க வேண்டும் என்று சொன்னது. கொலை நடந்தது என்று நிரூபித்தால் போதாது, சாதிதான் காரணம் என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் அதைப் படித்தன. முன்பகை, தேர்தல் தகராறு, நிலத் தகராறு என்று எதையாவது சொல்லிச் சாதியை வெளியே எடுத்துவிட அந்த வாசகம் இடம் கொடுத்தது. மேலவளவு போன்ற வழக்கில் அந்த வாசகத்தின் பொருள் என்ன என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்திருக்க வேண்டும். இடஒதுக்கீட்டுத் தொகுதியில் வென்றதற்காக ஒருவரைக் கொல்வது சாதியின் காரணமான கொலை ஆகாதா? இதைவிடக் கூர்மையாக அந்தக் கேள்வியை எழுப்ப இன்னொரு வழக்கு கிடைக்காது.

விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் அரசுக்குக் கொடுக்கும் காலம் 90 நாள். தீர்ப்பு நகல் வாங்க ஆன நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். நகல் நாட்களை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் 2001 அக்டோபரோடு அந்தக் காலம் முடிந்தது. அரசு போகவில்லை.

நாம் ஏன் போகவில்லை?

போக வழி இல்லை என்பதே பதில். 2001இல் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், காவல்துறை தொடுத்த வழக்கில் குற்றவாளி விடுதலையானால் மேல்முறையீடு செய்யும் உரிமை அரசுக்கு மட்டுமே. மகனைப் பறிகொடுத்த தாய்க்கு அந்த உரிமை கிடையாது. அவர் சீராய்வு மனு மட்டும் போடலாம். அதற்கும் 90 நாள். சீராய்வில் உயர் நீதிமன்றம் விடுதலையைத் தண்டனையாக மாற்றக் கூடாது என்று பிரிவு 401(3) கட்டிப்போட்டிருந்தது. அதிகபட்சம், மறுவிசாரணைக்கு உத்தரவிடலாம். ஆறு கொலைகளைக் கண்ட சாட்சிகளை மீண்டும் முதலிலிருந்து கூண்டில் ஏற்றுவது என்றால் அது யாருக்குச் சாதகம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் இல்லை, அது 2004 ஜூலையில்தான் வந்தது. மேல்முறையீடு என்றால் சென்னை.

தண்டிக்கப்பட்ட 17 பேரும் மேல்முறையீடு செய்தார்கள். அவர்களுக்கு அந்த உரிமை இருந்தது, வழக்கறிஞர்களும் இருந்தார்கள். 2006 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. 2009 அக்டோபர் 22 அன்று உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. இரண்டு தீர்ப்புகளும் நமக்கு வெற்றி. ஆனால் அந்த இரண்டு நீதிமன்றங்களின் முன் இருந்த கேள்வி, இந்த 17 பேர் கொலை செய்தார்களா என்பது. சாதிக் குற்றம் பற்றிய தீர்ப்பு 2001லேயே முடிந்த கதையாகிவிட்டது.

இதன் விலை பின்னால் தெரிந்தது. 2008இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி மூன்று பேர் முன்கூட்டியே விடுதலையானார்கள். 2019 நவம்பரில் எம்ஜிஆர் நூற்றாண்டை ஒட்டிய அரசாணையின்படி 13 பேர் வெளியே வந்தார்கள். இந்த வழக்கை ஆண்டுக்கணக்கில் சுமந்த மதுரை வழக்கறிஞர் பொ. இரத்தினம் அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார். ஆனால் 2019இல் கோப்பைத் திறந்து பார்ப்பவருக்கு என்ன தெரியும்? 13 கொலைக் கைதிகள். வன்கொடுமைச் சட்டத்தில் ஒருவர்கூடக் குற்றவாளி இல்லை. 18 ஆண்டுகளுக்கு முன் விட்டுப்போன மேல்முறையீட்டின் நிழல் அது.

அட்லாண்டாவில் ஓர் இளைஞர்

இது நம் நாட்டின் நோய் மட்டும் இல்லை. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 1932இல் ஏஞ்சலோ ஹெர்ன்டன் என்ற 19 வயதுக் கறுப்பின கம்யூனிஸ்ட் தோழர், வேலையில்லாத கறுப்பினத்தவரையும் வெள்ளையரையும் ஒன்றாகத் திரட்டி ஊர்வலம் நடத்தினார். அடிமைமுறைக் காலத்தில் வேர்கொண்ட ஒரு கிளர்ச்சித் தடைச் சட்டத்தின் கீழ் அவரைக் கைது செய்தார்கள். 1933இல் முழுக்க வெள்ளையர்களே அடங்கிய ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. 18 முதல் 20 ஆண்டு வரை சிறைத் தண்டனை.

அந்தச் சட்டம் பேச்சுரிமைக்கு எதிரானது என்ற வாதத்துடன் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் போனது. 1935இல் அந்த நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் வாதத்தைக் கேட்கவே மறுத்தது. இந்த அரசமைப்புக் கேள்வியைக் கீழ் நீதிமன்றங்களில் உரிய கட்டத்தில் எழுப்பவில்லை, மறுபரிசீலனை மனுவில் எழுப்பியது தாமதம் என்றது. நீதிபதி கார்டோசோ தன் மாறுபட்ட தீர்ப்பில் இதை ஏற்கவில்லை. மாநில நீதிமன்றம் சட்டத்துக்குப் புதிய, விரிந்த பொருள் கொடுத்த பிறகுதான் அந்தக் கேள்வியே பிறந்தது, பிறந்த உடனே எழுப்பிவிட்டார்கள், இதில் தாமதம் எங்கே என்று அவர் கேட்டார்.

ஹெர்ன்டனின் தோழர்கள் அதோடு நிற்கவில்லை. ஆட்கொணர்வு மனு என்ற வேறு வழியில் அதே கேள்வியை மறுபடி கொண்டுபோனார்கள். 1937இல் அதே உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அவரை விடுவித்தது. வாதம் இரண்டு முறையும் ஒன்றுதான். முதல் முறை அதைக் கேட்கவில்லை, இரண்டாம் முறை கேட்டார்கள்.

சட்டத்தின் கணக்கு

எந்தக் கட்டத்தில் எதைச் சொல்லலாம் என்பதற்கு நம் நீதிமன்றங்களில் பொதுவாக ஒரு கணக்கு உண்டு. சட்டம் மட்டுமே சம்பந்தப்பட்ட கேள்வியை மேல்முறையீட்டில்கூடப் புதிதாக எழுப்ப அனுமதிப்பார்கள். சாட்சியமும் ஆதாரமும் தேவைப்படும் கேள்வியை விசாரணையிலேயே எழுப்பியிருக்க வேண்டும். குற்றச்சாட்டு வனைந்ததிலோ நடைமுறையிலோ பிழை இருந்தால், அதை முன்பே சொல்லியிருக்க முடியுமா, சொல்லியிருக்க வேண்டுமா என்று மேல் நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பழைய சட்டத்தில் பிரிவு 465, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 511.

2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்த்த பாட்டன் ஜமால் வலி வழக்கை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். பட்டியல் சாதியைச் சேர்ந்த, பார்வைத்திறன் இல்லாத பெண் மீதான பாலியல் வன்முறை வழக்கு அது. சாதி ஒன்றே காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை, பல காரணங்களில் ஒன்றாக இருந்தாலும் 3(2)(v) பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நாம் பல காலம் சொல்லிவந்த வாதம்! ஆனால் அதே வழக்கில் வன்கொடுமைச் சட்டத் தண்டனையை நீதிமன்றம் நீக்கிவிட்டது. சாதியும் ஒரு காரணம் என்பதற்கு அரசுத் தரப்பு விசாரணையில் சாட்சியம் வைக்கவில்லை என்பதே காரணம். வாதம் வென்றது, வழக்கின் அந்தப் பகுதி தோற்றது. சாட்சியம் வைக்க வேண்டிய நாள் எப்போதோ போய்விட்டது.

கயர்லாஞ்சியில் 2006இல் போட்மாங்கே குடும்பத்தின் நான்கு பேர் கொல்லப்பட்டபோது, முதல் பிரேதப் பரிசோதனையில் பாலியல் வன்முறைக்கான சோதனை நடக்கவில்லை. உடலைத் தோண்டி எடுத்து மறுபடி பார்த்தபோது எதையும் கண்டுபிடிக்கும் நிலை இல்லை. மும்பை உயர் நீதிமன்றம் 2010இல் கொலைத் தண்டனையை உறுதி செய்தது, தூக்கை ஆயுளாகக் குறைத்தது. வன்கொடுமைச் சட்டம் அங்கேயும் நிற்கவில்லை. அந்த வழக்கில் முதல் சில மணி நேரமே கெடுவாக இருந்தது.

இன்னொரு பொறியும் உண்டு. வன்கொடுமை வழக்கை டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரி புலனாய்வு செய்ய வேண்டும் என்பது விதி 7. இன்ஸ்பெக்டர் விசாரித்துக் குற்றப்பத்திரிகை போட்டுவிட்டால், அந்தக் குறையைக் காட்டி வன்கொடுமைப் பிரிவிலிருந்து குற்றவாளி தப்பலாம். 2009இல் மத்தியப் பிரதேச அரசு எதிர் சுன்னிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: அந்தச் சட்டத்தின் கீழான வழக்கு நிற்காது, மற்ற சட்டப் பிரிவுகளில் விசாரணை தொடரலாம். தவறு செய்தது போலீஸ். பலன் குற்றவாளிக்கு. புலனாய்வு நடக்கும்போதே எஸ்பிக்கு ஒரு மனு போட்டு ஆட்சேபித்திருந்தால் சரியாகியிருக்கக்கூடிய குறை.

கெடு தவறுவதிலும் ஏற்றத்தாழ்வு இருப்பதைக் கவனியுங்கள். போலீஸ் 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் சிறையில் உள்ளவருக்கு ஜாமீன் உரிமையாகிவிடுகிறது. யாரையும் காலவரையின்றி அடைத்து வைக்கக் கூடாது என்பதால் அந்தச் சட்டம் தேவைதான். ஆனால் அதே போலீசும் அரசு வழக்கறிஞரும் தவறவிடும் மற்ற கெடுக்களுக்கு இழப்பைச் சுமப்பது பாதிக்கப்பட்டவர்.

போராடிப் பெற்ற வழிகள்

இந்த வரலாற்றில் நாம் தோற்றது மட்டும் இல்லை. மேலவளவு வழக்கிலேயே, குற்றவாளிகளுக்கு ஜாமீன் கொடுத்ததை ரத்து செய்யக் கோரி 75 வழக்கறிஞர்கள் உயர் நீதிமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். மனு ஏற்கத்தக்கதல்ல என்று தள்ளினார்கள். உச்ச நீதிமன்றம் 2000 பிப்ரவரியில் வேறுவிதமாகச் சொன்னது. மனுவின் வடிவம் சரியில்லாமல் இருக்கலாம், ஆனால் ஜாமீனை ரத்து செய்யும் அதிகாரத்தைப் பயன்படுத்தும்படி பொதுமக்களில் யாரும் நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவரலாம் என்றது. இரத்தினம் எதிர் அரசு என்ற அந்தத் தீர்ப்பை இன்றும் நாடெங்கும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

2009 டிசம்பர் 31 முதல் பாதிக்கப்பட்டவருக்கே மேல்முறையீட்டு உரிமை வந்தது. முன்பு பிரிவு 372, இப்போது பிஎன்எஸ்எஸ் 413. 2016 ஜனவரி 26 முதல் வன்கொடுமைச் சட்டத் திருத்தம் வந்தது. "என்ற காரணத்தினால்" என்ற சொல் போய், பட்டியல் சாதியினர் என்று "தெரிந்தே" செய்தால் போதும் என்று 3(2)(v) மாறியது. பிரிவு 15ஏ ஜாமீன் உள்ளிட்ட எல்லாக் கட்டத்திலும் பாதிக்கப்பட்டவருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அவரைக் கேட்க வேண்டும் என்றது. அது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ஹரிராம் பாம்பி வழக்கில் உறுதி செய்தது.

இதன் பலனைக் கோகுல்ராஜ் வழக்கில் பார்த்தோம். 2015 ஜூனில் நடந்த கொலை. அவருடைய தாய் ஒவ்வொரு கட்டத்திலும் நீதிமன்றத்தில் நின்றார். சிறப்பு அரசு வழக்கறிஞர் வேண்டும் என்று கேட்டுப் பெற்றார். வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு வந்தது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 10 பேரைத் தண்டித்தது. வன்கொடுமைச் சட்டம் தீர்ப்பில் நின்றது. ஐந்து பேர் விடுதலையானதை எதிர்த்து அந்தத் தாயே மேல்முறையீடு செய்தார். 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆனாலும் கேட்டுத் தீர்ப்புச் சொன்னது. 2001இல் மேலவளவுத் தாய்மார்களுக்கு அந்த உரிமை இல்லை.

குறித்துக்கொள்ள வேண்டிய நாட்கள்

*எஃப்ஐஆர் பதிவான நாள்.* வன்கொடுமைப் பிரிவு இருக்கிறதா என்று அன்றே பாருங்கள். சாதாரண அடிதடி, ஆபாசப் பேச்சு என்று மட்டும் பதிந்தால் இன்னோர் ஆபத்தும் வருகிறது. ஓராண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களை ஓராண்டுக்கு மேல் விசாரணைக்கு எடுக்கப் பொதுவாகத் தடை உண்டு. ஐந்தாண்டு வரை தண்டனை உள்ள வன்கொடுமைப் பிரிவுகளுக்கு அந்தத் தடை இல்லை.

*60ஆம் நாள்.* விதி 7இன்படி புலனாய்வு முடிந்து குற்றப்பத்திரிகை போட வேண்டிய காலம். விசாரிப்பவர் டிஎஸ்பிதானா என்பதையும் அதற்கு முன்பே பாருங்கள்.

*'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்' என்று வழக்கை முடிக்கும் நாள்.* புகார் கொடுத்தவருக்கு அறிவிப்பு வர வேண்டும், அவரைக் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1985லேயே பகவந்த் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. அறிவிப்பில் கையெழுத்து வாங்கிப் போனதோடு பலர் விட்டுவிடுகிறார்கள். உடனே ஆட்சேபணை மனு போட வேண்டும்.

*குற்றச்சாட்டு வனையும் நாள்.* விட்டுப்போன பிரிவைச் சேர்க்கக் கேட்க இதுவே நல்ல நேரம். தீர்ப்புக்கு முன் எப்போதும் குற்றச்சாட்டை மாற்றும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. தீர்ப்புக்குப் பின் கேட்டால் கடினம்.

*சாட்சி சொல்லும் நாள்.* சாதிப் பெயர் சொல்லித் திட்டியது, முன்பு நடந்த மிரட்டல், கோயிலிலோ தேர்தலிலோ தகராறு, குற்றவாளிக்கு நம் சாதி முன்பே தெரியும் என்பது எல்லாம் சாட்சியத்தில் ஏற வேண்டும். அரசு வழக்கறிஞர் கேட்காவிட்டால் எழுத்து மூலம் கேட்கச் சொல்லுங்கள்.

*தீர்ப்புக்குப் பின் 90 நாள்.* வன்கொடுமைச் சட்டத்தின் பிரிவு 14ஏ கொடுக்கும் மேல்முறையீட்டுக் காலம். தகுந்த காரணம் இருந்தால் அதற்கு மேலும் ஏற்கலாம், ஆனால் 180 நாளுக்கு மேல் கூடாது என்கிறது சட்டம். அந்த 180 நாள் தடை அரசமைப்புக்கு எதிரானது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2018இல் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பை நம்பி நாம் தாமதிக்க வேண்டாம். விடுதலையான குற்றவாளி ஒருவர் இருந்தாலும், விட்டுப்போன பிரிவு ஒன்று இருந்தாலும் 90 நாளுக்குள் போக வேண்டும். அரசு போகும் என்று காத்திருக்கக் கூடாது.

இவற்றைச் செய்ய வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் ஊரிலும் நடக்கும் வன்கொடுமை வழக்குக்கு ஒரு நோட்டும் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு தோழரும் போதும். எஃப்ஐஆர் எண், அடுத்த வாய்தா, கெடு முடியும் தேதி, யார் போய்ப் பார்ப்பது என்ற நான்கு கட்டங்கள் அந்த நோட்டில் இருக்கட்டும். தீர்ப்பு வரும் நாளில் தண்டனையா விடுதலையா என்று கேட்டுவிட்டு வெளியே வந்து பேட்டி கொடுப்பதற்கு முன், ஒருவர் நகல் மனு போட்டிருக்க வேண்டும்.